பெண் வீட்டுக்குப் போகும் காற்று

சேசு மரி சூசை துணை

பாரிஸ், லா சப்பல்
10 நவம்பர் 1985

அன்புள்ள செபஸ்தியம்மாளுக்கு,

உன் கணவன் சவிரிமுத்து எழுதுவது. எனக்கு ஒரு குறையும் இல்லை. நீயும் உன் அண்ணன் இராயப்புவும் அவர் வீட்டாரும் சுகமாக இருக்க அந்தோனியார் காவல் நிற்பாராக.

செபத்தி, இந்த எழுத்தைப் பார். இது என் கை.

இதுவரை உனக்கு வந்த கடிதங்களை எங்களோடு தங்கியிருக்கும் தில்லையம்பலம் எழுதித் தந்தார். ஊரில் தபால் கந்தோரில் இருந்தவர், இங்கே சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவுகிறார். கோடையில் ஒரு நாள் நான் ஒரு வரி சொன்னேன். அவர் பேனையைக் கீழே வைத்துவிட்டார். "அண்ணை, உங்கடை மனிசிக்கு நீங்கள் சொல்லுறதை நான் என்ரை கையாலை எழுதேலாது. கூச்சமாக் கிடக்கு. எழுத்தைக் காட்டித் தாறன், நீங்களே எழுதுங்கோ" என்றார். அப்படித்தான் படித்தேன்.

அந்த வரி இது. இங்கே கட்டிலில் நீ படுக்கும் பக்கத்தில் நான் இன்னும் படுப்பதில்லை.

எழுதிவிட்டேன். இதை எழுதத் தொடங்கும்போது மழை பெய்தது. முடிக்கும்போது வெயில்.

இன்னொரு புதினம். எங்கள் ஜன்னலுக்கு நேரே இரும்புப் பாலம் ஒன்றில் ரயில் போகிறது. மெட்ரோ என்பார்கள். கல்யாணமாகி மன்னாருக்கு, நம் பேசாலைக்கு வந்த புதிதில், பாம்பன் பாலத்து இரும்பில் ரயில் ஓடும் சத்தம் இல்லாமல் நித்திரை வரவில்லை என்று நீ அழுதாய். நான் சிரித்தேன். இப்போது நான் உன் சத்தத்துக்குள் படுத்திருக்கிறேன்.

நம் மகன் யோன் சொல்லச் சொன்னது: பாம்பன் கோயிலில் உன் ஞானஸ்நானச் சாட்சிப் பத்திரத்தை எடு. நீ பிறந்தது அங்கேதான் என்று காட்டினால் இந்தியப் பாஸ்போர்ட் கிடைக்குமாம். பிறகு உன்னை இங்கே கூப்பிடுவது மகனின் பாடு.

கை நோகிறது. சந்தோஷமாக நோகிறது.

உன்
சவிரிமுத்து

*

பாம்பன்
2 டிசம்பர் 1985

யோன் அப்பாவுக்குச் செபஸ்தியம்மாள் எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் நலம். மழைக்கு என் முழங்கால் மட்டும் பேசிக்கொண்டிருக்கிறது. அங்கே குளிர் என்கிறார்கள். காதை மூடிக்கொண்டு வெளியே போங்கள்.

கடிதத்தைப் பார்த்து முதலில் நான் நம்பவில்லை. ஒவ்வொரு எழுத்தும் கரைவலை இழுக்க வந்த ஆள் மாதிரிக் காலை ஊன்றி நின்றது. அண்ணன் பிடுங்கிப் பார்த்தார். "மச்சானா எழுதினாரு? அவரு பேரு எழுதச் சொன்னா பெருவிரல நீட்டுவாரே" என்றார். அதோடு விட்டாரா. கட்டில் வரியைச் சத்தமாக வாசித்துவிட்டார். அடுப்படியில் அண்ணி சிரித்த சிரிப்பில் குழம்பு பொங்கிவிட்டது. இனி அந்த மாதிரி வரிகளைக் கடைசிப் பக்கத்தில் எழுதுங்கள். அண்ணன் கண்ணுக்கு அவ்வளவு தூரம் பொறுமை இல்லை.

இந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு நான் பெரிய வேடிக்கை. கூப்பிட்டால் "ஓம்" என்கிறேனாம். "அத்தை ஓம்ங்குது, சாமியார் மாதிரி ஓம்ங்குது" என்று தெருவெல்லாம் சொல்லித் திரிகிறார்கள். பேசாலையில் "ஆமா" என்றதற்கு உங்கள் ஊரார் சிரித்தார்கள். நான் எந்த ஊரில்தான் வாயைத் திறப்பது.

மாதம் ஒரு தடவை ரயிலேறி மண்டபம் முகாமுக்குப் போகிறேன். அகதி வள்ளத்தில் வந்தவர்கள் அங்கே தலை காட்டவேண்டும். பிறந்த ஊரிலிருந்து பாலத்தைத் தாண்டிப் போய், நான் அகதி என்று சொல்லிவிட்டு, பிறந்த ஊருக்கே திரும்பி வருகிறேன். வரும்போது ஜன்னலோரம் இடம் கிடைத்தால் கடல் பார்க்கலாம். பாலத்தில் ரயில் மெதுவாகத்தான் போகும். எனக்கு அவசரமும் இல்லை.

கோயில் சாமியார் இராமநாதபுரம் போயிருக்கிறார். பத்திரத்தைப் பாலன் பிறப்பு முடிந்து கேட்கிறேன்.

யோனுக்கும் மருமகள் பேர்ளிக்கும் என் முத்தங்கள்.

செபஸ்தியம்மாள்

*

பாரிஸ்
5 ஜனவரி 1986

அன்புள்ள செபத்தி,

பிறந்த வருஷம் உன் முழங்காலுக்கு இரக்கம் காட்டட்டும். எனக்கு இருமல் வந்தது, பேர்ளி தந்த மருந்துக்குப் போய்விட்டது.

பாலன் பிறப்பன்று யோன் என்னை ஸ்டாலின்கிராட் என்ற இடத்துக்கு நடத்திக்கொண்டு போனான். பெயர்தான் பெரிது. அங்கே ஒரு வாய்க்கால் இருக்கிறது. உப்பும் இல்லை, அலையும் இல்லை, மீன் வாசமும் இல்லை. ஆனால் வள்ளங்கள் போகின்றன. ஓர் இடத்தில் கதவு போட்டுத் தண்ணீரை அடைத்து வைத்திருக்கிறார்கள். வள்ளம் வந்து நிற்கிறது, தண்ணீர் ஏறுகிறது, வள்ளமும் ஏறுகிறது, கதவு திறக்கிறது. உங்கள் பாம்பன் பாலம் கப்பலுக்கு வாய் திறக்குமே, அதுபோல. அன்றிலிருந்து ஒரே கனவு. பாம்பன் பாலம் திறக்கிறது, நீ இருக்கும் வள்ளம் உள்ளே வருகிறது, பின்னால் கதவு மூடுகிறது, தண்ணீர் உன்னைத் தூக்கித் தூக்கி எங்கள் ஜன்னல் உயரத்துக்குக் கொண்டுவருகிறது. சும்மா ஒரு கால் வைத்தால் அறைக்குள் இறங்கலாம்.

அகதி விசாரணைக்குப் போய் வந்தேன். மேசைக்குப் பின்னால் ஒரு மனுஷி. பக்கத்தில் மொழிபெயர்க்க எங்கள் ஆள் ஒருவர். "உங்கடை மனைவி எந்த நாட்டுப் பிரஜை?" என்றார். எனக்கு ஒரு வரியில் பதில் தெரியவில்லை. முழுவதும் சொன்னேன்.

கச்சதீவு அந்தோனியார் திருவிழா. நாற்பத்தேழாம் ஆண்டு. எங்கள் கரை வள்ளங்கள் ஒரு பக்கம், உங்கள் கரை வள்ளங்கள் மறு பக்கம். கோயில் நிழலில் என் அப்புவும் உன் அப்பாவும் சம்பந்தம் பேசியிருந்தார்கள். எல்லாம் சரி. ஒன்றில் மட்டும் சண்டை. அப்பு சொன்னார்: "எங்களிலை மாப்பிள்ளைதான் பெண் வீட்டை போறது. உங்கடை பிள்ளையை நாங்கள் கொண்டுபோனால் மன்னார் முழுக்கச் சிரிக்கும். பெடியனை நீங்கள் எடுங்கோ." உன் அப்பா விடவில்லை. "எங்க வழக்கத்துல பொண்ணுதான் புருசன் வீட்டுக்குப் போகும். மாப்பிள்ளைய வீட்டோட வச்சுக்கிட்டா என்னைய ஊரு காறித் துப்பும். பொண்ண நீங்க கொண்டுபோங்க." இரண்டு பேரும் தங்கள் பிள்ளையைக் கொடுக்கவே மல்லுக்கு நின்றார்கள். பூசை மணி அடித்தும் எழும்பவில்லை. கடைசியில் உன் அப்பாதான் தீர்த்தார். "காத்து எப்பிடியோ அப்பிடி. தெக்க இருந்து சோழகம் வீசுனா ரெண்டு பேரும் பேசாலைக்கு வரட்டும். வடக்க இருந்து வாடை வீசுனா பாம்பனுக்கு வரட்டும்." கைகொடுத்தார்கள்.

இரண்டு வருஷம் அப்படியே செய்தோம் என்று சொன்னேன். சோழகத்தில் வந்தோம், வாடையில் போனோம். மூன்றாம் வருஷம் சோழகத்தில் வந்தோம். வாடையும் வந்தது. வள்ளமும் இருந்தது. ஆனால் இரண்டு நாடும் புதிதாகச் சுதந்திரம் பெற்ற நாடு, இனிக் கடலைக் கடக்கத் தாள் வேண்டும் என்றார்கள். உன்னிடம் தாள் இல்லை. காற்றில் வந்தவளுக்கு ஏது தாள். கேட்டுப் போன கந்தோரில், எந்தத் துறைமுகத்தில் இறங்கினாய் என்றார்கள். மணலில் இறங்கினேன் என்றாய்.

பிறகு சொன்னேன். அங்கே இருந்தவரைக்கும் அவளை இந்தியாக்காரி என்றார்கள். போன வருஷம், மகனிடம் வருவதற்கு நான் பாஸ்போர்ட் எடுக்கக் கொழும்புக்குப் போயிருந்தபோது ஊரில் சண்டை வந்து, அவள் சனத்தோடு வள்ளமேறினாள். இறங்கிய இடத்தில் இலங்கைக்காரி என்று பதிந்தார்கள்.

அந்த மனுஷி எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். மொழிபெயர்ப்பாளர் மூக்கைச் சிந்தினார்.

நல்லது நடக்கும் என்று யோன் சொல்கிறான். பத்திரம் எடுத்தாயா?

(கடைசிப் பக்கம்.) நீ அன்று மணலில் இறங்கியபோது சேலைக் கரை நனைந்திருந்தது. நீலக் கரை.

உன்
சவிரிமுத்து

*

பாம்பன்
2 பெப்ரவரி 1986

யோன் அப்பாவுக்கு,

இருமல் போனது தெரிந்து நிம்மதி. என் கால் பரவாயில்லை.

சேலைக் கரை பச்சை. உங்களுக்கு எல்லாம் நீலம்தான். கடலைப் பார்த்துப் பார்த்துக் கெட்டுப்போன கண்.

விசாரணையில் நன்றாகத்தான் சொல்லியிருக்கிறீர்கள். ஒன்றை விட்டுவிட்டீர்கள். வள்ளம் போகமுடியாது என்று தெரிந்த அந்த வாடையில், நான் தினமும் கரையில் போய் நின்றேன். காற்று என் முதுகைத் தள்ளிக்கொண்டே இருந்தது. போ, போ என்று. நீங்கள் பின்னால் வந்து நின்று என்னோடு திரும்பி வருவீர்கள்.

பிறகு திருவிழாவுக்குத் திருவிழா அண்ணனைக் கச்சதீவில் கண்டேன். அந்த ஒரு நாளுக்கு யாரும் தாள் கேட்கவில்லை. சண்டை தொடங்கியதிலிருந்து அதுவும் இல்லை. இந்த வருஷமும் வள்ளம் விடமாட்டார்களாம். அந்தோனியார் நடுக்கடலில் தனியாக இருக்கிறார்.

பத்திரம் கிடைத்துவிட்டது. சாமியார் பழைய புத்தகத்தைத் தட்டி எடுத்தார். தூசியில் அவருக்குத் தும்மல், எனக்குக் கண்ணீர். அண்ணன் அதை வாங்கிக்கொண்டு எங்கெங்கோ போய் வந்தார். முகாமில் என் பெயரை அடித்துவிட்டார்கள். அண்ணனின் ரேஷன் கார்டில் என் பெயரை ஏற்றிவிட்டார்கள். கடையில் வரிசையில் நின்றேன். கடைக்காரப் பையன் பெயரைக் கூப்பிட்டான். எனக்குப் பின்னால் யாரையோ கூப்பிடுகிறான் என்று விலகி நின்றேன்.

வாளை மீன் நிறைய வருகிறது. உங்களுக்குப் பிடித்த மாதிரிக் காயவைக்கிறேன். யாராவது வந்தால் கொடுத்தனுப்பலாம்.

செபஸ்தியம்மாள்

*

பாரிஸ்
20 பெப்ரவரி 1986

அன்புள்ள செபத்தி,

பச்சை. சரி. தில்லையம்பலம் நீ சொல்வதைத்தான் நம்புகிறார்.

பனி விழுகிறது. உப்பளத்தை யாரோ மேலேயிருந்து கவிழ்த்தது போல. தெருவெல்லாம் மௌனம். மேலே மெட்ரோ மட்டும் பஞ்சில் ஓடுகிறது. பேர்ளி என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். கடைத் தெருவில் எங்கள் ஆட்களின் கடை ஒன்று புதிதாகத் திறந்திருக்கிறது. பலகையில் தமிழ். நடுத் தெருவில் நின்று எழுத்துக் கூட்டி வாசித்தேன். "மரக்கறி." பின்னால் ஒரு கார் கத்திக்கொண்டு நின்றது. எனக்கென்ன.

பத்திரம் கிடைத்த செய்தி கேட்டு யோன் துள்ளினான். அடுத்தது பாஸ்போர்ட். திருச்சியில் கந்தோர் இருக்கிறதாம். இராயப்பு அண்ணன் உன்னைக் கூட்டிக்கொண்டு போனால் போதும். எனக்கு அகதிக் கார்ட் கிடைத்துவிட்டது. பத்து வருஷத்துக்கு. செவ்ரான் என்ற இடத்தில் யோன் பெரிய வீடு பார்க்கிறான், நீ வந்தால் இங்கே இடம் போதாதென்று. பேர்ளி உனக்குக் கம்பளிக் காலுறை பின்னுகிறாள். ஒன்று முடிந்துவிட்டது.

நேற்று அவர்களுக்கு அந்த ஜீப் கதை சொன்னேன். உனக்கும் எழுத ஆசையாக இருக்கிறது. நாடு சுதந்திரமாகி நாலைந்து வருஷம். கள்ளத்தோணி, அதாவது தாள் இல்லாத இந்தியாக்காரரைப் பிடிக்கிறோம் என்று பொலிஸ் ஊர் ஊராக வந்த காலம். நீங்கள் பெண்கள் கோயிலில் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தீர்கள். அந்தச் சார்ஜனுக்குத் தமிழும் தெரியும், வாய் வித்தியாசமும் தெரியும். வரிசையாக ஒவ்வொருத்தியிடமும் "நீ இந்த ஊரோ?" என்று கேட்டுக்கொண்டு வந்தான். "ஓம்" என்றால் இந்தக் கரை. "ஆமா" என்றால் ஜீப்.

பயத்தில் உனக்கு "ஆமா"தான் வரும் என்று என் தங்கச்சி மரியமலருக்குத் தெரியும். அவள் உனக்கு முன்னால் இருந்தாள். அவளிடம் கேட்டான். "ஆமா" என்றாள். நீ "ஆமா" என்றாய். உனக்குப் பின்னால் இருந்தவளும் "ஆமா." பிறகு கோயிலே "ஆமா." முதலில் "ஓம்" சொன்னவர்கள்கூட எழும்பி நின்று "ஆமா" என்றார்கள். அவன் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். "என்ன, ஊரே கள்ளத்தோணியோ?" மரியமலர் சொன்னாள்: "ஆமா."

பேர்ளி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தாள். பிறகு கேட்டாள்: "மாமி அதுக்குப் பிறகு நிம்மதியா நித்திரை கொண்டவவோ?"

பிந்தாமல் கெதியாகத் திருச்சிக்குப் போ.

(கடைசிப் பக்கம்.) காலுறைக்கு அளவு கேட்டாள். என் உள்ளங்கையைக் காட்டினேன். உன் பாதம் அதற்குள் அடங்கும்.

உன்
சவிரிமுத்து

*

பாம்பன்
3 மார்ச் 1986

யோன் அப்பாவுக்கு,

கார்ட் கிடைத்ததற்கு அந்தோனியாருக்கு மெழுகுதிரி வைத்தேன். பேர்ளியின் கைக்கு ஆசீர்வாதம்.

இங்கே வெயில் ஏறத் தொடங்கிவிட்டது. அண்ணி புதிதாக ஒரு ஆடு வாங்கியிருக்கிறாள். அது என் சேலையைத்தான் தின்கிறது, அவளுடையதைத் தொடுவதில்லை. பழைய தோழி அற்புதராணி ஞாபகம் இருக்கிறதா, கல்யாணத்தன்று எனக்குப் பூ வைத்தவள். அவளும் நானும் சாயந்தரம் பாலத்தடியில் போய் உட்காருகிறோம். பேச ஒன்றும் இல்லை. ரயில் வரும்போது இரண்டு பேரும் வாயை மூடிக்கொள்வோம், சின்ன வயதில் மாதிரி. அது போய் முடியும்வரை மூச்சு விடக்கூடாது. இப்போது பாதியிலேயே விட்டுவிடுகிறோம்.

போன வாரம் பஞ்சாயத்துத் தேர்தல். ஆள் கணக்கு எடுக்க வந்தபோதே அண்ணன் என் பெயரையும் கொடுத்திருக்கிறார். நானும் போனேன். விரலில் மை வைத்தார்கள். யாருக்குப் போட்டேன் என்று உங்களுக்குச் சொல்லமாட்டேன், அண்ணனுக்கும் சொல்லவில்லை. மை இன்னும் போகவில்லை. பாத்திரம் துலக்கும்போது அந்த விரலைத் தூக்கிக்கொண்டுதான் துலக்குகிறேன்.

திருச்சி தூரம். அண்ணனுக்கு இப்போது மீன்பாட்டுக் காலம். வெயில் தணியட்டும்.

செபஸ்தியம்மாள்

*

பாரிஸ்
18 மே 1986

அன்புள்ள செபத்தி,

இத்தனை நாள் எழுதாமல் இருந்ததற்குக் கோபித்துக்கொள்ளாதே. உடம்பு நல்லாகத்தான் இருக்கிறது. நான் எழுதுவது மெதுவென்று உனக்குத் தெரியும். யோசிப்பது அதைவிட மெது.

முன்பு உன் கடிதங்களைத் தில்லையம்பலம் வாசிப்பார். கேட்டது அவருடைய குரல். இப்போது நானே வாசிக்கிறேன். உன் குரல் கேட்கிறது. எல்லோரும் வேலைக்குப் போன பிறகு ஜன்னலோரம் இருந்து முதலிலிருந்து வாசிக்கிறேன். ஒரு கடிதத்துக்கு ஒரு காலை போய்விடும். பாலம் இருக்கிறது, ஆடு இருக்கிறது, அற்புதராணி இருக்கிறாள், விரல் மை இருக்கிறது. திருச்சி ஒரே வரியில் இருக்கிறது. அது உன் குரல் மாதிரி இல்லை.

கனவு மாறிவிட்டது. வாய்க்கால் வள்ளம் இப்போது வருவதில்லை. நான் தெருவில் நிற்கிறேன். மேலே மெட்ரோ போகிறது. ஜன்னலில் நீ இருக்கிறாய். கூப்பிடுகிறேன். நீ கீழே பார்க்கவில்லை, அந்தப் பக்கம் கடலைப் பார்க்கிறாய். பாரிசில் எங்கே கடல் என்று கனவில் எனக்குத் தோன்றவில்லை. உன் முகத்தில் காற்று. நீ சிரித்துக்கொண்டிருந்தாய். எனக்குக் கவலை வரவில்லை, செபத்தி. பார்த்துக்கொண்டே நின்றேன்.

செவ்ரான் வீட்டுக்கு அடுத்த மாதம் மாறுகிறோம். யோன் கட்டில் வாங்கிவிட்டான். காலுறை இரண்டும் முடிந்துவிட்டன.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். பேர்ளி கேட்டதைத்தான் கேட்கிறேன். உனக்கு அங்கே நல்ல நித்திரை வருகிறதா?

உன்
சவிரிமுத்து

*

பாம்பன்
15 ஜூன் 1986

யோன் அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் வராத நாட்களில் தபால்காரரைப் பார்த்தால் கோபம் வந்தது. பாவம், அவர் என்ன செய்வார். நீங்கள் நலம் என்று தெரிந்தபின் சாப்பிட்டேன்.

வருகிறது. நல்ல நித்திரை வருகிறது.

பேசாலையில் நீங்கள் குறட்டை விடும்போது நான் விழித்திருந்து தெருச் சத்தம் கேட்டுக்கொண்டிருப்பேன். லொறி என்றால் திரும்பிப் படுப்பேன். ஜீப் என்றால் எழுந்து உட்காருவேன். பிள்ளைகளைப் பெற்ற பிறகும், தலை நரைத்த பிறகும் அப்படித்தான். உங்களிடம் சொல்லவில்லை. நீங்கள் விடியக் கடலுக்குப் போகிற ஆள், உங்கள் தூக்கத்தை ஏன் கெடுக்கவேண்டும். இங்கேயும் ஜீப் போகிறது. முதல் மாதங்களில் எழுந்து உட்கார்ந்தேன். இப்போது காலையில் அண்ணி சொல்லித்தான் தெரிகிறது, ராத்திரி ஜீப் போனதென்று.

சோழகம் நன்றாக வீசுகிறது. இந்தக் காற்றில்தான் நான் உங்கள் ஊருக்கு வந்தேன். அன்று நான் ஒன்றும் கேட்கவில்லை. வள்ளத்தில் ஏறி உட்கார்ந்தேன். என்னை நன்றாகத்தான் வைத்திருந்தீர்கள்.

இப்போதும் ஒன்றும் கேட்கமாட்டேன். அண்ணன் இந்த வாரமே திருச்சிக்குப் போகலாம் என்கிறார். மகன் கட்டில் வாங்கிவிட்டான், மருமகள் காலுறை பின்னிவிட்டாள். நீங்கள் வா என்று எழுதுங்கள், வருகிறேன். ஒரே வார்த்தை. உங்கள் கையால்.

செபஸ்தியம்மாள்

*

செவ்ரான்
24 ஆகஸ்ட் 1986

அன்புள்ள செபத்தி,

நாங்கள் எல்லோரும் சுகம். நீ உன் அண்ணன் வீட்டில் நன்றாகத் தூங்கு.

அந்த ஒரு வார்த்தையை எழுத இருந்தேன். சின்ன வார்த்தை, எனக்கு நன்றாக எழுதவரும். தாளை எடுத்து வைத்தேன். புதிய வீட்டில் ஜன்னலுக்கு வெளியே மரம்தான், ரயில் சத்தம் இல்லை. நித்திரை வரவில்லை. உன் அப்பாவும் என் அப்புவும் கைகொடுத்ததை நினைத்துக்கொண்டு கிடந்தேன். சோழகத்துக்குப் பேசாலை, வாடைக்குப் பாம்பன். இதில் எங்கள் பங்குச் சோழகமெல்லாம் நீ இருந்துவிட்டாய். உங்கள் பங்கு வாடை அப்படியே கிடக்கிறது.

தில்லையம்பலம் லா சப்பலிலேயே இருக்கிறார். அவரிடம் போய்க் கேட்டேன்: "அகதிக் கார்ட்டோடை வெளியூர் போகலாமோ?" "போகலாம் அண்ணை, ஒரு பயணப் புத்தகம் தருவாங்கள். சிலோனைத் தவிர எந்த நாட்டுக்கும் போகலாம்." "இந்தியாவுக்கு?" அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. "அண்ணை, கட்டில் இஞ்சையெல்லோ கிடக்கு" என்றார். "எங்களிலை மாப்பிள்ளை எந்த வீட்டை போறது?" என்றேன். அவருக்குச் சிரிப்பு அடக்கமுடியவில்லை. "பெண் வீட்டைதான். ஆனால் கலியாணம் முடிஞ்ச கிழமை போறது, பேரன் எடுக்கிற வயசிலை இல்லை."

அவரே என்னோடு கந்தோருக்கு வந்தார். அங்கிருந்த பிள்ளை என் பழைய கைநாட்டைப் பார்த்து மைப் பெட்டியை என் பக்கம் தள்ளினாள். நான் பேனையை எடுத்தேன். சவிரிமுத்து என்று முழுதாக எழுதினேன். பின்னால் வரிசை நீண்டுபோனது. அந்தப் பிள்ளை எழுத்தைத் திருப்பிப் பார்த்து ஏதோ சொன்னாள். அழகாக இருக்கிறது என்றாளாம்.

யோன்தான் சத்தம் போட்டான். "உங்களுக்கென்ன பைத்தியமோ அப்பா? அம்மாவை இஞ்சை எடுக்க எவ்வளவு பாடுபட்டனான். அங்கை உங்களுக்கு ஆறு மாசம்தான் விசா. பிறகென்ன செய்வியள்?"

"உன்ரை அம்மா தலை நரைக்கிற வரைக்கும் ஒரு தாளும் இல்லாமல் எங்கடை ஊரிலை இருந்தவள். எப்பிடி எண்டு அவளிட்டைக் கேட்பன்."

அவன் கதவை அடித்துச் சாத்திவிட்டுப் போனான். அடுத்த நாள் வேலையால் வரும்போது பெரிய சூட்கேஸ் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தான். பேர்ளி முதலில் காலுறையை வைத்தாள். பாம்பனில் கம்பளிக் காலுறை எதற்கு என்று நான் கேட்கவில்லை. நீயும் கேட்காதே, போட்டுக்கொள்.

விமானத்துக்குக் காற்று பார்க்கவேண்டாமாம். இருந்தாலும் வாடை தொடங்கும் மாதத்தில்தான் டிக்கெட் போடச் சொன்னேன். நவம்பர்.

நேற்று ஸ்டாலின்கிராட் வாய்க்காலுக்குச் சொல்லிக்கொண்டு வரப் போனேன். ஒரு வள்ளம் கதவுக்குள் நின்றது. இந்தத் தடவை தண்ணீர் இறங்கியது. வள்ளமும் மெல்ல மெல்லக் கீழே போனது, கதவு திறந்தது, போய்விட்டது. அது ஆற்றைப் பிடித்துக் கடலுக்குப் போகும் வழியாம்.

(கடைசிப் பக்கம்.) இங்கே ஒரு பக்கத்தில்தான் படுத்தேன். உன் அண்ணன் வீட்டில் எந்தப் பக்கம் சுவர் என்று எழுது.

உன்
சவிரிமுத்து

*

பாம்பன்
14 செப்டம்பர் 1986

யோன் அப்பாவுக்கு,

நாங்கள் நலம். முழங்காலைப் பற்றி இன்று எழுதவில்லை.

உங்கள் கடிதத்தைப் பாலத்தடியில் வைத்து வாசித்தேன். ரயில் வந்து போனது தெரியவில்லை. அற்புதராணி மூச்சை அடக்கிக்கொண்டு என் முகத்தையே பார்த்திருந்தாள். பிறகு, "விடவா?" என்றாள். விடு என்றேன்.

அண்ணனிடம் சொன்னேன். கடைசிப் பக்கத்தை மடித்து வைத்துவிட்டுத்தான் கொடுத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார். "எங்கப்பா இருந்தா இதுக்கு ஒத்துக்குவாரா? மாப்பிள்ளைய வீட்டோட வச்சுக்கிட்டா ஊரு சிரிக்குமே" என்றார். அப்படிச் சொல்லிவிட்டு அன்றைக்கே கொத்தனாரைக் கூப்பிட்டுக் கடல் பக்கத்து அறைக்குச் சுண்ணாம்பு அடிக்கச் சொன்னார். ஊர் சிரிக்கத்தான் செய்கிறது. சிரிக்கட்டும்.

சுவர் இடது பக்கம். அது எனக்கு. ஜன்னல் உங்களுக்கு.

ஆறு மாதம் முடிந்து யாராவது ஜீப்பில் வந்து நின்றால் என்ன செய்வது என்று அண்ணிக்குக் கவலை. எனக்கு இல்லை. போன ஞாயிறு பூசை முடிந்ததும் எங்கள் தெரு ஆம்பளைகளைக் கோயில் வாசலில் மறித்து நிறுத்தினேன். மரியமலர் செய்ததைச் சொன்னேன். அவர்கள் சொல்லவேண்டியதைச் சொல்லிக்கொடுத்தேன். முதலில் வெட்கப்பட்டார்கள். இப்போது வலை பொத்தும்போதும் வள்ளம் தள்ளும்போதும் ஒருவரையொருவர் கேட்டுப் பழகுகிறார்கள். அண்ணனுக்கு மட்டும் இழுவை கொஞ்சம் கூடிப்போகிறது, திருத்திக்கொண்டிருக்கிறேன்.

வாடைக்கு வாருங்கள். யார் வந்து நீ இந்த ஊரா என்று கேட்டாலும், பாம்பன் முழுக்க "ஓம்" என்று சொல்லும்.

உங்கள்
செபஸ்தியம்மாள்